அபயக் கல்லும் பொதுக்காவலும்: இந்தியப் பெருங்கடலுக்கு ஏன் ஒரு கடற்பாதுகாப்பு முகமை அமையவில்லை?

திருப்பதி மாவட்டத்திற்குக் கடற்கரை உண்டு என்று சொன்னால் மாணவர் பலர் இன்றும் நம்புவதில்லை. அவர்கள் மீது பிழையில்லை. 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் நிலப்பகுதிகளைப் பிரித்து உருவாக்கிய சித்தூர் மாவட்டம் கடலைக் கண்டதேயில்லை. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு மாவட்டங்களை மறுசீரமைத்தபோதுதான், நெல்லூரின் தென்பகுதியாக இருந்த சூளூர்ப்பேட்டை வட்டாரம் புதிய திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. அதனோடு பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதியும், ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவும், துகராஜபட்டினக் கரையும் வந்து சேர்ந்தன. ஏழுமலையான் மாவட்டம் ஒரே நாளில் கடல் மாவட்டமாயிற்று.

இப்பதிவு அந்தக் கரையைப் பற்றியது. அக்கரையிலிருந்து பார்க்கும்போது எழும் ஒரு வினாவைப் பற்றியது. 2025 மே 25 அன்று லைபீரியக் கொடியுடைய எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. கலத்திலிருந்த 24 பேரும் மீட்கப்பட்டனர்; ஆனால் 640 கொள்கலன்களும் எரிஎண்ணெயும் கடலுக்குச் சென்றன, பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரை நெடுகிலும் குமரிக் கரையிலும் ஒதுங்கின. அதன்பின் கடல்சார் சட்டம் பயில்வோரிடையே பழைய கேள்வி ஒன்று மீண்டும் கிளம்பியது. ஐரோப்பியருக்கு லிஸ்பனில் ஒரு கடற்பாதுகாப்பு முகமை இருப்பதுபோல் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கென ஒன்று ஏன் இல்லை? கப்பற் பொறியியலாரும் வழக்கறிஞரும் இதனைப் பேசுகின்றனர். வரலாற்றுத் துறையினர் பேசுவது அரிது. பேச வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் அத்தகைய அமைப்பு எதுவாயினும் மூன்று வினாக்களுக்கு விடை சொல்லியாக வேண்டும்: இடர்ப்பட்ட கலத்திற்கு அடைக்கலம் தருவது யார், அந்தக் காவலுக்கான செலவை ஏற்பது யார், ‘கலம்’ என்று கணக்கில் கொள்வது எதனை. இம்மூன்றும் நம் கரைக்குப் புதியவையல்ல.

துகராஜபட்டினத்திற்கு வடக்கே, வடபெண்ணை ஆற்றுக் கழிமுகத்தையும் தாண்டினால், இன்றைய பாபட்லா மாவட்டத்தில் மோட்டுப்பள்ளி என்னும் சிற்றூர் இருக்கிறது. காகதிய மன்னன் கணபதிதேவன் சக ஆண்டு 1166-இல், அதாவது பொது ஆண்டு 1244–45-இல், அங்குப் பொறித்த சாசனத்தை ‘அபய சாசனம்’ என்று வரலாற்றாசிரியர் வழங்குவர். ஹுல்ட்ஸ் இதனை எபிகிராஃபியா இந்திகாவின் பன்னிரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். சுங்க விகிதங்களுக்காகவும் சரக்குப் பட்டியலுக்காகவும் பொருளியல் வரலாற்றாளர் இதனைப் பன்முறை மேற்கோள் காட்டியுள்ளனர். சந்தனம், கர்ப்பூரம், பன்னீர், தந்தம், புனுகு, செம்பு, ஈயம், பவளம், மிளகு, பாக்கு என நீளும் அப்பட்டியல் உண்மையிலேயே கவர்ச்சியானது. அதனாலேயே சாசனத்தின் முதற்பகுதியைப் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். என் நோக்கில் அதன் உயிர் அந்த முதற்பகுதியில்தான் இருக்கிறது.

அங்கு மன்னன் கூறுவதன் சாரம் இது. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் செல்லும்போது புயலில் சிக்கி உடைந்து கரையொதுங்கிய கலங்களின் பொன், யானை, குதிரை, மணி முதலிய அனைத்தையும் முந்தைய அரசர் வலிந்து பறித்துக்கொண்டனர். உயிரினும் செல்வம் பெரிதென்று துணிந்து கடலில் இறங்கிய வணிகரிடம் நாமோ இரக்கத்தாலும் புகழும் அறமும் கருதியும் வரையறுத்த சுங்கத்தைத் தவிர வேறொன்றும் கொள்ளோம். சுங்கம் முப்பதில் ஒன்று.

இச்சாசனத்தைப் புகழ்மாலையாக வாசிப்பது எளிது. ஆனால் அது ஓர் ஒப்பந்தமும் ஆகும். உடைந்த கப்பலின் பொருள் கரைக்குரிய அரசனையே சேரும் என்பது அக்காலத்தில் பல நாட்டு வழக்கு. ஐரோப்பாவிலும் அது நிலவியது. உடைந்த கலத்தினரைக் கொள்ளையிடுவோரைச் சமயத்திலிருந்து விலக்குவோம் என்று 1179-இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பேரவை ஆணையிட நேர்ந்தது. கணபதிதேவன் அந்த ‘உரிமையை’ விட்டுக்கொடுத்தான். ஈடாக நிலையான சுங்க வருவாயைப் பெற்றான். ஒருமுறை கொள்ளையடிப்பதைவிட ஆண்டுதோறும் முப்பதில் ஒரு பங்கு கொள்வது இலாபம் என்னும் கணக்கு அதில் இருக்கிறது. அடைக்கலத்தையும் செலவையும் இணைத்த முதல் ஏற்பாடுகளில் இஃது ஒன்று. மோட்டுப்பள்ளியின் மற்றொரு பெயர் தேசியுய்யக்கொண்ட பட்டணம் என்பதைத் தமிழ் மாணவர் கவனிக்க வேண்டும். ‘தேசி’ வணிகக் குழுவினர் உய்வதற்குக் காரணமான பட்டணம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தெலுங்கு மண்ணில் தமிழ்ச் சொல்லமைப்புடன் நிலைத்த இப்பெயரே கடற்பாதுகாப்பை விளம்பரப்படுத்துவதாக இருக்கிறது. 1358-இல் ரெட்டி அரசன் அனபோதன் அதே ஊரில் வணிகருக்கு மீண்டும் உறுதிமொழி தர வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அபயம் என்பது அரசு மாறும்போதெல்லாம் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக இருந்தது. கல் நின்றது, அதைக் காக்கும் நிலையான அலுவலகம் இருக்கவில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். 1611-இல் மசூலிப்பட்டினத்தில் கால்கொண்ட ஆங்கிலக் கம்பெனியார், பழவேற்காட்டில் டச்சுக்காரருடன் இணைந்திருக்கும் முயற்சியில் தோற்றபின், 1626-இல் துகராஜபட்டினத்தில் பண்டகசாலை அமைத்துக் கோட்டையும் கட்டினர். தங்களுக்குத் துணைநின்ற ஆறுமுக முதலியாரின் பெயரால் அதனை ‘ஆர்மகான்’ என்று வழங்கினர் என்பர். ஆறுமுகம் என்னும் தமிழ்ப்பெயர் அவர்கள் நாவில் பட்டபாடு அது. இந்தியாவில் ஆங்கிலேயர் அரண் செய்த முதல் இடம் சென்னையன்று, இன்றைய திருப்பதி மாவட்டத்தின் இந்தக் கடற்கரை ஊர்தான். கரைக்கு அப்பால் கடலடியில் நீண்டு கிடக்கும் ஆர்மகான் மணல்திட்டு அறியாத மாலுமிக்குக் கூற்றுவன். அறிந்தவனுக்கோ அதன் உட்புறம் ஓரளவு அமைதியான நங்கூர நிலை. பிற்கால வரைபடங்களில் அந்த உட்புறம் ‘பிளாக்வுட் துறைமுகம்’ என்று குறிக்கப்பட்டது. ஒரே திட்டு ஆபத்தாகவும் அரணாகவும் இருப்பதால், அங்குப் பாதுகாப்பு என்பது அறிவைப் பகிர்வது என்றே பொருள்படுகிறது.

ஆர்மகானின் தலைவராயிருந்த பிரான்சிஸ் டே 1639-இல் தெற்கே வந்து தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் பெற்ற ஆவணத்தைச் சென்னையின் பிறப்புச் சான்றாக எல்லோரும் அறிவர். கோட்டை, நாணயம், சுங்கத்தில் பங்கு ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். அதன் இறுதிப் பகுதியில் நம் பொருளுக்கு இன்றியமையாத வாக்குறுதி ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் கலமாயினும், அத்துறைக்கு வரும் வேறெந்த நாட்டுக் கலமாயினும், உடைந்து தம் ஆட்சிப் பகுதியில் ஒதுங்கினால், கிடைத்த பொருளைக் கேட்டவுடன் திருப்பித் தருவதாக நாயக்கர் உறுதியளிக்கிறார். நாயக்கரின் மேலதிகாரம் சந்திரகிரி அரசரிடம் இருந்தது. அக்கோட்டை திருப்பதியிலிருந்து கூப்பிடு தொலைவில் நிற்கிறது. மோட்டுப்பள்ளிக்கும் இதற்கும் ஏறத்தாழ நானூறு ஆண்டு இடைவெளி. ஆயினும் துறைமுகம் தொடங்கும்போதெல்லாம் உடைகலத்தின் உரிமையே முதலில் தீர்க்கப்படுகிறது. இவ்விரு ஆவணங்களையும் அருகருகே வைத்து வாசிக்கும் பழக்கம் நம் வகுப்பறைகளில் இல்லை. ஒன்று ‘இடைக்காலம்’, மற்றொன்று ‘நவீன காலம்’ எனப் பாடத்திட்டம் பிரித்துவிட்டது.

கம்பெனி ஆட்சியில் அபயம் அலுவலகமாயிற்று. சென்னைக்குத் துறைமுகம் இல்லை. திறந்த கடலில் கப்பல்கள் நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கையும் மனிதரையும் ஏற்றி இறக்கின. அவற்றுக்குத் துணையாகக் கட்டுமரங்கள் சென்றன. படகு கவிழ்ந்தால் வெள்ளைக்காரப் பயணியரை நீரிலிருந்து எடுப்பது கட்டுமரக்காரரின் பணி. உயிர்காத்தவருக்குப் பதக்கம் அளித்ததும் உண்டு. இவற்றையெல்லாம் மேற்பார்வையிட்டவர் ‘மாஸ்டர் அட்டெண்டண்ட்’ என்னும் துறைமுக அதிகாரி. காற்று திரும்பும் அறிகுறி தெரிந்தால் கொடியேற்றி, நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடுமாறு கப்பல்களுக்கு ஆணையிடுவது அவர் பொறுப்பு. அந்தக் கொடி ஏறுவதற்குத் தாமதமானால் என்ன ஆகும் என்பதை 1872 மே மாதப் புயல் காட்டியது. துறையில் நின்ற கப்பல்கள் பல கரையில் மோதிச் சிதைந்தன. 1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலும் அதையடுத்த பஞ்சங்களும் சேர்ந்தே 1875-இல் இந்திய வானிலைத் துறையைப் பிறப்பித்தன. 1898 முதல் நாட்டின் துறைமுகங்கள் அனைத்திற்கும் ஒரேவகைப் புயற்குறிகள் வந்தன. இன்று நாம் ‘ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று செய்தியில் கேட்கிறோமே, அதன் மூலம் அது. துறைமுகத்திற்குத் துறைமுகம் வேறுபட்ட கொடிகளிலிருந்து பொதுக்குறிக்கு வந்தது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே மொழியில் ஆபத்தை அறிவிப்பது என்பதே வட்டார அமைப்பின் முதற்படி.

விளக்குகளின் கதை வேறு. 1796-இல் கோட்டைக்குள் தேங்காயெண்ணெய் விளக்காகத் தொடங்கி, 1844-இல் உயர்நீதிமன்ற வளாகத்துத் தூணாகி, 1894-இல் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்கேறிய சென்னையின் ஒளியைப் பலரும் எழுதியுள்ளனர். அவ்வொளிக்கு யார் காசு கொடுத்தார் என்பதைச் சிலரே எழுதியுள்ளனர். 1927-ஆம் ஆண்டின் இந்தியக் கலங்கரை விளக்கச் சட்டம்வரை விளக்குகள் மாகாணங்களின் கையிலும் துறைமுகங்களின் கையிலும் சிதறிக் கிடந்தன. அச்சட்டம் கடற்கரையை விளக்க மாவட்டங்களாகப் பிரித்துக் கண்காணிப்பாளரை நியமிக்க வழிசெய்தது. துறைமுகத்திற்கு வரும் கப்பல்களிடம் ‘விளக்கு வரி’ பெற்று அதிலிருந்து விளக்குகளைப் பேணியது. 2021-இல் வந்த கடல்வழித் துணைக்கருவிகள் சட்டம் அதனை நீக்கி அமர்ந்தாலும் அடிப்படை அதுவே. முப்பதில் ஒன்று என்ற கணபதிதேவனின் சுங்கத்திற்கும் இதற்கும் தருக்கம் ஒன்றே: பயன்பெறும் கலம் செலவை ஏற்கட்டும்.

1927-ஆம் ஆண்டுச் சட்டம் ஐம்பது டன்னுக்குக் குறைந்த கலங்களுக்கு அவ்வரியிலிருந்து விலக்களித்தது. ஏழை மீனவருக்குச் சலுகை என்று இதனைப் படிக்கலாம். மற்றொரு வகையிலும் படிக்கலாம்: வரி செலுத்தாத கலம் பதிவேட்டிலும் இல்லை. கட்டுமரமும் நாட்டுப்படகும் விளக்கொளியைக் கண்டன. விளக்குத் துறையோ அவற்றைக் காணவில்லை. பிறருக்குக் கடற்பாதுகாப்பு வழங்கிய கட்டுமரக்காரர் தாம் பாதுகாக்கப்பட வேண்டியவராக எந்தக் கணக்கிலும் வராத முரணுக்கு இங்கு ஒரு வேர் இருக்கிறது.

பன்னாட்டுச் சட்டத்திலும் அதே விலக்கு இன்னும் வெளிப்படையாக நிற்கிறது. டைட்டானிக் மூழ்கியபின் 1914-இல் தோன்றி, 1974-இல் இன்றைய வடிவம் பெற்ற ‘கடலில் மனித உயிர்ப் பாதுகாப்பு’ உடன்படிக்கை தன் விதிகள் பொருந்தாத கலங்களைத் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்துகிறது. 500 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கலங்கள், இயந்திர விசையின்றி ஓடுபவை, மீன்பிடிக் கலங்கள், இவற்றோடு ‘பழங்கால அமைப்புடைய மரக்கலங்கள்’. கட்டுமரம் என்னும் சொல்லை உலகமொழிகளுக்கெல்லாம் கொடுத்த கரைக்கு அச்சொற்றொடரில் இடம் எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. மீன்பிடிக் கலங்களுக்கெனத் தனியே 1977-இல் டொரமோலினோசில் செய்த உடன்படிக்கை நடைமுறைக்கு வராமலே போயிற்று. 2012-இல் கேப்டவுனில் திருத்திய வடிவமும் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களுக்கே உரியது. பழவேற்காட்டிலிருந்து துகராஜபட்டினம்வரை மீனவர் கைக்கொள்ளும் கண்ணாடியிழைப் படகுகள் பத்து மீட்டரைத் தொடுவது அரிது.

இந்த நெடுங்கதையில் மீனவரைப் பெயர்சொல்லிச் சேர்த்த சட்டம் என்று 1978-ஆம் ஆண்டின் கடலோரக் காவற்படைச் சட்டத்தைக் குறிப்பிட வேண்டும். ருஸ்தம்ஜி குழு 1970-களின் நடுவில் பரிந்துரைத்த அப்படை, 1977 பிப்ரவரி 1 அன்று இடைக்கால அமைப்பாகக் கடற்படையிடம் பெற்ற சில பழைய கலங்களுடன் தொடங்கியது. அதன் பிறப்புக்குக் காரணம் கடத்தல். தங்கமும் துணியும் கடிகாரமும் கள்ளவழியில் வந்திறங்கியதைத் தடுக்கவே அரசு முனைந்தது. ஆனால் சட்டத்தின் கடமைப் பட்டியலில், கடலில் இடர்ப்படும் மீனவருக்கு உதவுவதும் அவர்களைக் காப்பதும் தனியே இடம்பெற்றன. அதே 1977 நவம்பர் 19 அன்று திவிசீமையைத் தாக்கிய புயலில் குறைந்தது பத்தாயிரம் பேர் மாண்டனர். ஒரே ஆண்டின் இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து ஆராய்ந்த கட்டுரை எதனையும் நான் இதுவரை வாசிக்கவில்லை. முனைவர் பட்டத்திற்குப் பொருள் தேடுவோர் கருதலாம்.

அதன்பின் அமைப்புகள் பெருகின. 2004 டிசம்பர் 26-க்குப் பின், 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகியவற்றோடு இந்தியாவும் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குப் பொதுவாக எச்சரிக்கை வழங்குகிறது. கப்பல்களுக்கான வழிச்செலவு எச்சரிக்கைகளில் உலகக் கடல்களைப் பிரித்தபோது எட்டாம் பகுதி இந்தியாவுக்குக் கிடைத்தது. ஸ்ரீஹரிக்கோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் எந்தக் கடற்பரப்பை ஒதுக்க வேண்டும் என்ற அறிவிப்பு அவ்வழியே செல்கிறது. வழிச்செலவு எச்சரிக்கை டேராடூனிலிருந்து, கலங்கரை விளக்கத் தலைமை நொய்டாவிலிருந்து, ஆழிப்பேரலை எச்சரிக்கை ஐதராபாத்திலிருந்து. உப்புக்காற்று படாத ஊர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களோ என்று ஐயுறத் தோன்றுகிறது. கடலிலிருப்பவனுக்கு இந்த அறிவிப்பு எப்படிச் சேரும் என்பதே ஒக்கிப் புயல் 2017 நவம்பர் இறுதியில் கேட்ட கேள்வி. குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலர் எச்சரிக்கை வெளியாகுமுன்பே தொலைகடலில் இருந்தனர், திரும்பாதவர் நூற்றுக்கணக்கானோர். செயற்கைக்கோள் வழியே ஆபத்தை அறிவிக்கும் கையடக்கக் கருவியை இஸ்ரோ உருவாக்கியது; 2024 ஜனவரியில் வெளியான இரண்டாம் தலைமுறைக் கருவி கரையிலிருந்து செய்தியைத் திருப்பி அனுப்பவும் வல்லது. இதனை நான் பாராட்டுகிறேன். மணிமேகலா தெய்வம் கடலில் தத்தளித்தவரைக் காத்ததாகச் சிலம்பும் சாதகக் கதைகளும் சொல்லும் நாட்டில், அவ்வேலையை இப்போது ஒரு கருவி செய்கிறது. ஆனால் கருவி அமைப்பாகிவிடாது.

வட்டார அமைப்பு என்ற சொல்லுக்கு வருவோம். 1978 மார்ச்சில் அமோகோ காடிஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் பிரெஞ்சுக் கரையில் உடைந்தபின், 1982-இல் பாரிசில் 14 நாட்டுக் கடல்துறைகள் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. எக்கொடியின் கீழ் வந்தாலும், தம் துறைமுகத்தை நாடும் அயல்நாட்டுக் கப்பலைச் சோதித்து, குறையிருந்தால் தடுத்துவைப்பது அதன் முறை. மற்றக் கடல்களும் அதனைப் பின்பற்றின. இந்தியப் பெருங்கடலுக்கான முதல் ஆயத்தக் கூட்டம் 1997 அக்டோபரில் மும்பையில் நடந்தது. 1998 ஜூனில் பிரிட்டோரியாவில் ஒப்பந்தம் முடிந்தது. 1999 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. செயலகம் கோவாவில் உள்ளது. இதுவே நம் பெருங்கடலின் வட்டாரக் கண்காணிப்பு. அடுத்த கட்டத்திற்கு ஐரோப்பா சென்றது, நாம் செல்லவில்லை. 1999 டிசம்பர் 12 அன்று பிரித்தானி கரைக்கு அப்பால் எரிகா உடைந்தது. அதன் விளைவாக 2002 ஜூனில் ஐரோப்பியக் கடற்பாதுகாப்பு முகமையை நிறுவும் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தபோதே, அவ்வாண்டு நவம்பரில், அடைக்கலம் கேட்ட பிரெஸ்டீஜ் என்னும் எண்ணெய்க் கப்பலைக் கரையிலிருந்து விரட்ட, அது ஸ்பெயினுக்கு அப்பால் இரண்டாகி மூழ்கியது. இடர்ப்பட்ட கப்பலுக்குப் ‘புகலிடம்’ எங்கு, யார் முடிவு செய்வது என்பதை ஐரோப்பியர் சட்டமாக்கத் துணிந்தது அந்த அடிக்குப் பின்னர்தான்.

பிரெஸ்டீஜின் கதையை நினைவில் வைத்துக்கொண்டு 2021 மே மாதத்தைப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் புதிய சரக்குக் கப்பலில் நைட்ரிக் அமிலம் ஒழுகும் கொள்கலன் ஒன்று இருந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அதனை இறக்க அனுமதி கேட்டனர், இரண்டிலும் கிடைக்கவில்லை. ஒழுகும் பெட்டியோடு கப்பல் கொழும்பை நோக்கி வந்தது. மே 20 அன்று தீப்பற்றியது. ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. 1,486 கொள்கலன்கள், அவற்றிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் இலங்கையின் மேற்குக் கரையை வெண்பனிபோல் மூடின, மீன்பிடிக்கத் தடை விழுந்தது. பொறுப்புத்தொகையை இலண்டன் நீதிமன்றம் 2023-இல் 1.9 கோடி பவுண்டு என வரையறுத்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 24 அன்று நூறு கோடி டாலர் இழப்பீடு கட்டுமாறு ஆணையிட்டது. இவ்விரு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரமே வட்டார அமைப்பு இல்லாமையின் விலை என்பேன். இரண்டு துறைமுகங்கள் ‘எம்மிடம் வசதியில்லை’ என்று சொல்லிக் கதவடைத்தது ஒருவேளை நியாயமாகவே இருக்கலாம். ஆனால் ‘எங்குச் செல்க’ என்று சொல்ல யாரும் இல்லை. கோவாவின் செயலகத்திற்கு அந்த அதிகாரம் இல்லை. அது சோதனைப் பதிவுகளை ஒருங்கிணைக்கும், அடைக்கலத்தைத் தீர்மானிக்காது. கணபதிதேவன் தன் கரையளவில் தீர்த்த வினா பெருங்கடல் அளவில் இன்னும் திறந்தே கிடக்கிறது.

ஏன்? அரசியல் காரணங்களை நான் மறுக்கவில்லை. இலங்கையும் இந்தியாவும் மீனவரைச் சிறைப்பிடிக்கும் செய்திக்கிடையே பொதுக்காவல் பேசுவது கடினம். ஐரோப்பாவில் முகமைக்குப் பின்னால் ஒரு பொதுச் சட்டமன்றமும் ஒரு பொது நீதிமன்றமும் இருந்தன. நமக்கு அவை இல்லை. இவற்றைவிட ஆழமான காரணம் மேலே சொன்ன மூன்றாம் வினாவில் இருக்கிறது என்று எண்ணுகிறேன். விபத்து நேரும்போது இழப்பவர் பெரும்பாலும் கப்பலுக்கு உரியவரல்லர், கரையில் வலை உலர்த்துவோர். வட்டார அமைப்பைக் கேட்டு வற்புறுத்த வேண்டிய அவர்கள் எந்தக் கடற்பாதுகாப்புச் சட்டத்திலும் ‘கலம் உடையோர்’ என்று எண்ணப்படவில்லை. ஐரோப்பாவில் எரிகாவுக்குப் பின் கொதித்தெழுந்தது சிப்பி வளர்ப்போரும் மீனவரும் கடற்கரை ஊராட்சிகளும். அவர்களுக்கு வழக்காடும் தகுதி இருந்தது.

உள்நாட்டுக்குள்ளேயே அத்தகுதி எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதற்குப் பழவேற்காட்டு ஏரி சான்று. மாநில எல்லை ஏரிக்குள் ஓடுகிறது. கரையோரக் கடலின் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் உள்ளதால் தமிழ்நாட்டிற்கு 1983-ஆம் ஆண்டுச் சட்டம், ஆந்திரத்திற்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம். புயலெச்சரிக்கையும் அப்படியே: தென்கரைக்குச் சென்னை மையம், வடகரைக்கு விசாகப்பட்டினம். தமிழ்நாட்டுப் பட்டினவரும், ஆந்திரப் பகுதியில் தமிழோடு உறவுடைய மொழி பேசும் பட்டப்பு மக்களும் ஒரே முகத்துவாரத்தின் வழியே கடலுக்குச் செல்வோர். அவர்கள் கேட்கும் எச்சரிக்கை இருவேறு ஊர்களிலிருந்து வருகிறது. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் ஏதும் கசியவில்லை என்ற முதல் அறிவிப்புக்குப் பின், நூறு டன்னுக்கும் மிகுதியான எரிஎண்ணெய் கடலில் கலந்தது தெரியவந்தது. கசடு தெற்கே திருவொற்றியூர், மெரினா என ஒதுங்க, இளைஞர்கள் வாளியால் அள்ளினர். பன்னாட்டு விதிகள் அனைத்திற்கும் உட்பட்ட இரு கப்பல்கள் அவை. விபத்தைத் துடைத்ததோ வாளி. நீரோட்டம் வடக்கு நோக்கும் பருவமாக இருந்திருந்தால் அது பழவேற்காட்டு முகத்துவாரத்தின் வழியே இரு மாநிலங்களின் ஏரிக்குள் நுழைந்திருக்கும். அப்போது இழப்பீடு கேட்டு எந்த மாநிலத்து மீன்வளத் துறை எந்தக் கப்பலின் மீது வழக்குத் தொடுத்திருக்கும்? ஒன்றோடொன்று இணைந்து தொடுத்திருக்குமா?

ஆகவே இந்தியப் பெருங்கடல் முகமைக்கு வரைவு எழுதுவோர் பெருங்கடலிலிருந்து தொடங்குவதைவிட ஓர் ஏரியிலிருந்து தொடங்கலாம். இரு மாநிலங்கள், ஒரு காவற்படை, இரு துறைமுகங்கள், ஓர் ஏவுதளம், பதிவில்லாத படகுகள், இவற்றை ஒரே பதிவேட்டில் வைக்க முடியுமா என்று பழவேற்காட்டில் சோதித்துப் பார்க்கலாம். படகுகளைக் கணக்கிடும் வேலைக்கு டன் கணக்கு உதவாது. கடலுக்குச் செல்லும் ஆள்களை எண்ண வேண்டும்.

ஆய்வு மாணவருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. நெல்லூர்க் கரையின் துறைகள், விளக்குகள், உடைகலங்கள் ஆகியவை பற்றி 1953-க்கு முன் மாகாண அரசு எழுதிய கோப்புகளைத் தேட வேண்டிய இடம் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மாவட்டம் திருப்பதிக்கு வந்துவிட்டது, தாள்கள் வரவில்லை. திருப்பதியிலிருந்து காலை வண்டியில் ஏறினால் பிற்பகல் வாசிப்பறையில் அமரலாம். உடைகலத்தின் பொருள் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற குறிப்புகளை முதலில் தேடுங்கள். உடைந்தது கப்பலா, நாட்டுக் கலமா என்று அருகில் எழுதியிருந்தால் அதனையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.